பதினாலாம் நம்பர்

காட்டுக்குள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவது யாருக்கும் வரும், போன அத்தனை பேரையும் வெளியே கொண்டுவருவதுதான் என் தொழில்.

சிங்கப்பூரில் ஏது காடு என்று சிரிக்காதீர்கள். தீவின் நடுவில், நீர்த்தேக்கங்களைச் சுற்றி, காலையில் நுழைந்தால் சாயங்காலம்தான் வெளியே வர முடியும் என்கிற அளவுக்குக் காடு இருக்கிறது. நான் கூட்டிப்போகும் பாதை இருபது கிலோமீட்டர். உள்ளே கடை கிடையாது, லிஃப்ட் கிடையாது, பல இடங்களில் போனுக்கு உயிரும் கிடையாது. வேர் தடுக்கும், வெயில் சுருட்டிப்போடும், கிளை முறிந்து விழும், மத்தியானத்துக்கு மேல் மின்னல் இறங்கும். ஒன்பது வருஷமாகச் சனி ஞாயிறுகளில் இதுதான் எனக்கு வேலை. நான் முன்னால் நடப்பேன். ஹமீது அண்ணன் கடைசியில் வருவார். மற்ற நாட்களில் அவர் தேக்கா சென்டர் மாடியில் தையல்கடைக்காரர். அவருக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக் கூடாது என்பது எங்கள் இருவருக்கும் உள்ள ஒப்பந்தம்.

நீங்களும் ஆட்களைக் கட்டி மேய்க்கிற வேலையில் இருப்பவர் என்றால், டீச்சரோ நர்ஸோ டூர் கைடோ, வாருங்கள், சேர்ந்து பல்லைக் கடிப்போம்.

ஜப்பான் போய்வந்த பூட்ஸ்

பளபளக்கும் பூட்ஸோடு யாராவது வந்து நின்றால் எனக்குச் சந்தேகம் வரும். ஒருவர், தேக்காவில் பசியாறும்போதே காலைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். கனமான பூட்ஸ், ஒரு கீறல் இல்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்த மாதிரி பூட்ஸை வருஷக்கணக்கில் போடாமல் வைத்திருந்தால் அடிப்பாகம் தானாக இற்றுப்போகும், வெளியே பார்த்தால் தெரியாது. "எப்ப வாங்கினீங்க சார்?" என்று கேட்டேன். "ஜப்பானுக்குப் போறப்ப" என்றார். ஏதோ போன வருஷம் போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆறாவது கிலோமீட்டரில் இடது காலின் அடிப்பாகம் முழுசாகக் கழன்று பாதையில் கிடந்தது. பின்னால் வந்த ஹமீது அண்ணன் அதைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். பத்து நிமிஷத்தில் வலது காலும் போனது. மற்ற பன்னிரண்டு பேரும் கொசுக்கடியில் நின்றார்கள். அண்ணன் தன் பையிலிருந்து தையல்கடை நாடாவை எடுத்துப் பொட்டலம் கட்டுகிற மாதிரி இரண்டு காலையும் சுற்றிக் கட்டினார். "ஜப்பானுக்கு எப்ப சார் போனீங்க?" என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னாலாம். மூத்த பெண் இப்போது செகண்டரி டூ, அதாவது எட்டாம் வகுப்பு, படிக்கிறாள். எனக்கு வாயில் நன்றாக வந்தது, அடக்கிக்கொண்டேன். அவர் அடக்கவில்லை.

"வீட்டு பாம் ஷெல்டர் ஸ்டோர் ரூம்ல பெட்டியோட பத்திரமா வச்சிருந்தேன் அக்கா. நீங்க கூட்டிட்டு வந்த பாதை சரியில்லன்னா பூட்ஸ் என்ன பண்ணும்?"

கறிபஃபும் சாவியும்

பிளாஸ்டிக் பை சரசரத்தால் குரங்கு வரும். புறப்படும் முன்னாலேயே இதைச் சொல்கிறேன். எல்லாரும் தலையாட்டுகிறார்கள். குரங்கின் மேல் எனக்குக் கோபமே இல்லை. காட்டோரம் காரை நிறுத்தி, ரொட்டியை வீசி, படம் எடுத்துக்கொண்டு போகிற புண்ணியவான்கள்தான் பிளாஸ்டிக் பை என்றால் சாப்பாடு என்று அதற்குப் பாடம் நடத்தி வைத்திருக்கிறார்கள்.

ஒரு அம்மா, நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, சிவப்புப் பிளாஸ்டிக் பையில் ஆறு கறிபஃப் வைத்திருந்தார். அதே பையில் வீட்டுச் சாவியும். கைப்பை கனக்கிறதாம், அதனால் சாவியைக் கறிபஃபோடு போட்டாராம். பை கையைவிட்டுப் போக மூன்று விநாடிகூட ஆகவில்லை. குரங்கு மரத்தில் உட்கார்ந்து ஆறையும் தின்று முடித்து, சாவியை வேண்டாமென்று பிரம்புப் புதருக்குள் எறிந்தது. பிரம்பு முள் கொக்கி மாதிரி வளைந்திருக்கும், உள்ளே போன கையைச் சும்மா விடாது. ஹமீது அண்ணன் அரை மணி நேரம் துழாவி, முழங்கை வரை ரத்தக் கீறலோடு சாவியை எடுத்துக் கொடுத்தார். வாங்கித் துடைத்துக்கொண்டு அந்த அம்மா என்னிடம் கேட்டார்:

"இவ்வளவு வருஷமா வர்றீங்க, உங்களுக்குப் பழக்கமான குரங்குதானே? முதல்லயே கேட்டு வாங்கித் தந்திருக்கலாம்ல?"

ஆம்பளைத் துணை

மின்னல் விஷயத்தில் நான் யாரோடும் வாதம் செய்வதில்லை. போனில் எச்சரிக்கை வந்தால் பக்கத்தில் இருக்கும் கூரைக்குள் எல்லாரும் போக வேண்டும், அவ்வளவுதான். ஒரு முறை வாட்டசாட்டமான ஒருவர், கட்டாய ராணுவச் சேவை, ரிசர்விஸ்ட் எல்லாம் முடித்துத் தொப்பையும் வைத்தவர், கூரைக்குள் வர மறுத்தார். ஆர்மியில் இதைவிடப் பெரிய மழையை எல்லாம் பார்த்தவராம். ஆர்மியில் மின்னல் எச்சரிக்கை வந்தால் மொத்தப் படையும் பயிற்சியை நிறுத்திவிட்டு ஒதுங்குகிறது என்பது என் தம்பி சொல்லி எனக்கே தெரியும். அதைச் சொன்னேன். "நீங்க உட்காருங்க, நான் போய்ட்டே இருக்கேன்" என்று அவர் தனியாக நடையைக் கட்டினார். ஹமீது அண்ணன் கூப்பிட்டும் நிற்கவில்லை.

போய் இரண்டு நிமிஷம் இருக்கும். காது கிழிகிற மாதிரி ஓர் இடி. போன வேகத்தைவிட மூன்று மடங்கு வேகத்தில் ஓடிவந்து, பெஞ்சில் இரண்டு பெண்களுக்கு நடுவே இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தொப்பலாக நனைந்திருந்தார். ஹமீது அண்ணன் எதிரிலேயே நின்றுகொண்டிருக்க, அவர் சொன்னது இது:

"நான் ஒண்ணும் பயந்து வரல. லேடீஸா இருக்கீங்க, ஒரு ஆம்பளைத் துணை வேணுமேன்னுதான் வந்தேன்."

பழக்கம் லா

சிரித்தது போதும். இனி நான் சொல்லப்போவது எல்லாம் ஒரே சனிக்கிழமையில் நடந்தது. அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் காது சூடாகிறது.

சிராங்கூன் ரோட்டில் ஆபீஸ் வைத்திருக்கிற ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். பதினேழு பேர். ஏற்பாடு செய்தவர் மேனேஜர் ராகவன். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, மாற்றுச் சட்டை, இருபது கிலோமீட்டர், முட்டிவலி உள்ளவர்கள் வேண்டாம் என்று ஒரு பக்கத்துக்கு எழுதி அனுப்பியிருந்தேன். அவர் அதை ஆபீஸில் "லேசான நடை, நடுவில் சிற்றுண்டி" என்று சுருக்கி அனுப்பியிருக்கிறார். லிட்டில் இந்தியா எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் காலை ஆறரைக்கு வந்து நின்றவர்களில் பாதிப் பேர் கையில் கால் விரல் நனையக் காணாத தண்ணீர். எல்லாரையும் தேக்காவுக்கு ஓட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் வாங்க வைத்தேன்.

கூட்டத்தில் ஒருவர் மட்டும் சரியாக வந்திருந்தார். லெட்சுமி அக்கா, ஆபீஸ் பேண்ட்ரியில் டீ போடுகிற வேலை, அறுபதைத் தாண்டியவர். பழகிய கேன்வாஸ் ஷூ, தொப்பி, கழுத்தில் துண்டு. ஆனால் முதுகில் அவர் தண்ணீரோடு சேர்த்து இரண்டு பெரிய பிளாஸ்க் டீ, பதினேழு கப். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பையை வாங்கப் போனேன். "விடும்மா, எனக்குத்தான் ஏச்சு விழும்" என்று மெதுவாகச் சொல்லிக் கையை விலக்கினார். நேராக ராகவனிடம் போய், ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொள்ளச் சொன்னேன். அவர் ரொம்ப நல்லவிதமாகச் சிரித்தார்.

"அவங்களுக்குப் பழக்கம் லா, அக்கா. ஆபீஸ்லயும் அவங்கதானே தூக்குறாங்க."

டீ நேரம்

நாங்கள் ஆட்களை எண்ணுகிற முறை சுலபமானது. காலையிலேயே ஆளுக்கொரு நம்பர். பாதை பிரிகிற ஒவ்வொரு இடத்திலும் நான் நிறுத்துவேன், ஒன்றிலிருந்து வரிசையாகக் கத்த வேண்டும். மரம் மறைத்தாலும் குரல் வரும். லெட்சுமி அக்கா பதினாலு. கணக்குப் பிரிவில் வேலை செய்கிற பிரியா பதினைந்து, இருபத்தைந்து வயசு இருக்கும். காலையில் நாலு முறை எண்ணினோம், நாலு முறையும் பதினேழு. அவரவர் நம்பரை அவரவர்தான் சொல்ல வேண்டும் என்று நான் சொல்லி வைக்கவில்லை. அதைக்கூடவா சொல்ல வேண்டும் என்று என் புத்திக்குத் தோன்றியிருக்கிறது.

இரண்டரை மணிக்கு வானம் கறுத்தது. கூரை இருக்கும் இடத்துக்கு இன்னும் கால் மணி நேர நடை. பாதை பிரிகிற கடைசி இடத்தில் நிறுத்தி எண்ணினேன். பதினேழு நம்பரும் தடங்கல் இல்லாமல் வந்தன. ஹமீது அண்ணன், கால் தசை பிடித்துக்கொண்ட ஒருவரைத் தோளில் தாங்கிக்கொண்டு கொஞ்சம் பின்னால் வந்தார். விரட்டி விரட்டிக் கூரைக்குள் கொண்டுவந்து சேர்த்ததும் மழை கொட்டியது. எல்லாரும் சட்டையைப் பிழிந்தார்கள், படம் எடுத்தார்கள். ஒருவருக்கும் எதுவும் குறைந்ததாகத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை, அதை மறைக்க மாட்டேன். ராகவன் கையைத் தேய்த்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்.

"இந்த மழைக்கு சூடா டீ குடிச்சா எப்படி இருக்கும்! லெட்சுமி அக்கா, டீ... எங்க லா அவங்க?"

யார் சொன்னது?

"பதினாலு யார் சொன்னது?" என்று கத்தினேன். இடியைவிட என் குரல்தான் பெரிதாகக் கேட்டது என்று பிறகு ஹமீது அண்ணன் சொன்னார். பிரியா அழ ஆரம்பித்தாள். விஷயம் இவ்வளவுதான். லெட்சுமி அக்காவுக்கு ஒதுங்க வேண்டியிருந்தது. காலையிலிருந்து அடக்கிக்கொண்டு வந்திருக்கிறார். கடைசியில் வருவது ஹமீது அண்ணன், ஓர் ஆண்பிள்ளையிடம் போய் இதை எப்படிச் சொல்வது என்று கூச்சம். அண்ணன் குனிந்து அந்த ஆளின் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்து, "நீ போ, பின்னாலயே வந்துடறேன். நம்பர் கேட்டா சொல்லிடு" என்று பிரியாவிடம் சொல்லிவிட்டு மரங்களுக்குள் போயிருக்கிறார். எல்லாரும் முன்னால் இருக்கிறார்கள் என்று நினைத்து அண்ணன் நகர்ந்துவிட்டார்.

பிரியாவை அறைந்துவிடலாம் போல இருந்தது. ராகவனை என்ன செய்யலாம் என்று தோன்றியதை எழுத முடியாது. ஆனால் அந்த நிமிஷத்தில் எனக்கு அதிகமாக வந்த கோபம் என் மேல்தான். ஒன்பது வருஷமாக முன்னால் நான், பின்னால் ஓர் ஆண். நடுவில் வருகிற பெண்கள் என்ன செய்கிறார்கள், எங்கே போகிறார்கள் என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் கேட்டதில்லை. நானும் ஒரு பெண். நான் ஒதுங்குகிற இடங்கள் எனக்குத் தெரியும், அது எனக்குப் போதுமாக இருந்திருக்கிறது. பிரியா மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்:

"ஆபீஸ்ல நான் லேட்டா வந்தா அவங்கதான் என் அட்டெண்டன்ஸ் கார்டை டேப் பண்ணுவாங்க அக்கா. இதுவும் அதே மாதிரி ஹெல்ப்னுதான் நினைச்சேன்."

மின்னலில் நடந்தது

ஹமீது அண்ணனைப் பதினாறு பேரோடு கூரைக்குள் இருக்கச் சொல்லிவிட்டு, சிக்னல் கிடைக்கிற மூலையைத் தேடி ஆம்புலன்ஸுக்கும் வனக் காவலர்களுக்கும் சொல்லச் சொன்னேன். நானே போறேன் என்று அவர் எழுந்தார். பெண்பிள்ளை எந்த நிலையில் இருக்கிறாரோ, நான்தான் போக வேண்டும் என்றேன். "அந்தச் சாய்ஞ்ச மரத்துக்கிட்டதான்மா நான் காலைத் தேய்ச்சுவிட்டேன்" என்று அடையாளம் சொன்னார். மின்னல் அடிக்கும்போது யாரும் வெளியே போகக் கூடாது என்று எல்லாருக்கும் சொல்கிறவள், வெளியே போனேன்.

பாதை ஓடையாகிவிட்டது. கணுக்கால் வரை தண்ணீர், அடியில் வேர் இருப்பது தெரியவில்லை. இரண்டு முறை விழுந்தேன். விசிலை ஊதினால் மழை அதைத் தின்றுவிடுகிறது. மேலே கிளைகள் முறிகிற சத்தம் மட்டும் கேட்டது. அறுபது தாண்டியவர், காலையிலிருந்து முதுகில் பாரம், நனைந்து நடுங்கினால் எவ்வளவு நேரம் தாங்கும் என்று மனசு ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டது. நாற்பது நிமிஷம் கழித்து, சாய்ந்த மரத்திலிருந்து பத்தடி உள்ளே, ஒரு தாழ்ந்த புதருக்குள் அந்தத் துண்டின் நிறம் தெரிந்தது. வேரில் வழுக்கிக் கணுக்கால் திரும்பி வீங்கிக் கிடந்தது. உதடு வெளுத்துவிட்டது. பற்கள் கிட்டித்து நடுங்குகிறார், மடியில் சூடான டீ இரண்டு பிளாஸ்க் நிறைய இருக்கிறது, மூடியைக்கூடத் திறக்கவில்லை. ஆபீஸ் டீயாம், எல்லாருக்கும் அளவாகப் போட்டதாம். நானே ஊற்றி அவர் வாயில் வைத்தேன். "ஏன்க்கா ஒரு சத்தம் கொடுக்கல? பக்கத்துலதானே நின்னு எண்ணினோம்!" என்று அழுதுகொண்டே திட்டினேன். இரண்டு வாய் குடித்த பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"கத்தத்தான் போனேன்மா. அப்ப பதினாலுன்னு ஒரு சத்தம் கேட்டுச்சு. சரி, நான் அங்க இருக்கேன், இனிமே யாரும் தேட மாட்டாங்கன்னு உட்கார்ந்துட்டேன்."

இந்த வருஷக் கணக்கு

வெளிச்சம் போவதற்குள் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. கணுக்கால் எலும்பு முறிந்திருந்தது, கம்பி வைத்தார்கள், இரண்டு மாதம் படுக்கை. பிரியா ஒருநாள் விடாமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள், அந்தப் பெண்ணை நான் மன்னித்துவிட்டேன். இப்போது எங்களோடு கடைசியில் ஒரு பெண்ணும் வருகிறாள். எங்கே ஒதுங்கலாம், யாரிடம் சொல்லலாம் என்று புறப்படும்போதே எல்லார் எதிரிலும் சத்தமாகச் சொல்கிறேன். கைடுக்கு வெட்கமே இல்லை என்று இரண்டு பேர் புகார் எழுதிவிட்டார்கள். எழுதட்டும்.

போன மாதம் ராகவன் கூப்பிட்டார். மறுபடியும் ஒரு நடை, அதே பாதை, அதே கைடுதான் வேண்டும் என்று ஆபீஸில் எல்லாரும் சொல்கிறார்களாம். லெட்சுமி அக்கா வேலைக்குத் திரும்பிவிட்டார், லேசாகத் தாங்கித் தாங்கி நடக்கிறார், மற்றபடி நலம் என்றார். நான் பல மாதமாகச் சேர்த்து வைத்திருந்த ஏச்சை எல்லாம் விழுங்கிவிட்டு ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன். லெட்சுமி அக்காவுக்குக் கால் முழுசாக ஆறட்டும், டாக்டர் சரி என்றதும் தேதி வைக்கலாம், அன்றைக்கு அவர் கையை வீசிக்கொண்டு என்னோடு முன்னால் நடக்க வேண்டும். ராகவன், எனக்கு ஒரு சிரமத்தைக் குறைத்துத் தருகிறவர் மாதிரி, கனிவாகச் சொன்னார்:

"அந்தக் கவலையே வேணாம் அக்கா. இந்தத் தடவை பதினாறு பேர்தான், ஸ்டாஃப் மட்டும் லா."

காட்டில் தொலைந்தவரைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சாய்ந்த மரமும் நாற்பது நிமிஷமும் போதுமாக இருந்தது, ஆபீஸிலேயே தொலைந்துபோனவரை எந்தப் பாதையில் போய்த் தேடுவது என்று மட்டும் எனக்கு யாரும் பயிற்சி தரவில்லை.